நாற்பத்தோராயிரம் ரூபாய்ச் சேவல்

தேவதிரவியம் அண்ணாச்சி இசக்கிக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. பத்திரம் எழுதி வாங்கின கடன் இல்லை, வட்டிக் கடனும் இல்லை. ஆறு நாள் மூட்டை தூக்கின கூலி, நாளுக்கு எழுநூறு. கணக்கில் சந்தேகமே கிடையாது. தரமுடியாது என்று அண்ணாச்சி சொன்னதிலும் சந்தேகம் கிடையாது.

அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் புளியங்குடியில் யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். எலுமிச்சைச் சந்தையில் சொந்தமாகக் கமிஷன் கடை, கேரளாவுக்கு ஓடுகிற மூன்று லாரி, அக்கம்பக்கம் போய்வர ஒரு குட்டியானை வண்டி, மேலகரத்தில் இரண்டு மாடி வீடு. எல்லாம் அவர் தோள்பட்டையில் முளைத்தவை. அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒரு அரைக்கால் சட்டையும் ஒரு வேதபுத்தகமும்தான். படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படித்தவர்கள் பத்துப் பேர் இன்று அவர் கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்து பில் போடுகிறார்கள்.

சும்மா வந்துவிடவில்லை. அடித்துத்தான் வந்தார். பதினேழு வயதில் சந்தைக்குள் நுழைந்தபோது, புதுப் பயல் மூட்டையைத் தொடக்கூடாது என்று நாலு சுமைக்காரர்கள் சேர்ந்து மிதித்தார்கள். இரண்டு விலா எலும்பு போயிற்று. எழுந்தவுடன் செய்த முதல் காரியம், அந்த நாலு பேரையும் நாலு தனித்தனி நாளில், தனித்தனியாகப் பிடித்ததுதான். அதில் ஒருவனுக்குப் பாதிக் காதுதான் மிச்சம். அதன் பிறகு திரவியம் கை வைத்த மூட்டையில் வேறு கை விழுந்ததில்லை.

பத்தொன்பது வயதில் நடந்ததை ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சாப்பாட்டு இலைக்கு முன்னால் அவரே சொல்லுவார். அன்றைய முதலாளி பத்து நாள் கூலி அறுபது ரூபாயைத் தராமல் இழுத்தடித்தான். திரவியம் ஒருநாள் அவன் கழுத்தைப் பிடித்து அழுத்தி, தலையைத் தராசுத் தட்டில் வைத்தார். மற்றத் தட்டில் படிக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே, "மொதலாளி, ஒங்க தலை எத்தனை கிலோன்னு பாத்துருவமா?" என்று கேட்டார். அறுபது ரூபாய் வந்துவிட்டது. கதையை முடிக்கும்போது தொடையைத் தட்டுவார். "கூலிய விட்டுட்டு வந்தவன் ஆம்பளையே இல்லடே!"

கடைப் பையன்களில் இருந்து கோயில் உபதேசியார் வரைக்கும் அந்தக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். இசக்கிக்கும்.

இசக்கிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குத்துக்கல்வலசையில் வீடு. அண்ணாச்சி கடையில் பன்னிரண்டு வருஷம் மூட்டை ஏற்றினவன். இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் கொல்லத்துக்குப் போன ஒரு லோடுக்குத் தார்ப்பாய் கட்டினதும் அவன்தான். செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது மழை. கயிறு அறுந்து தார்ப்பாய் பறந்தது. இருபத்திரண்டு மூட்டை எலுமிச்சை நனைந்து, கொல்லத்து வியாபாரி பாதி விலைக்குத்தான் எடுத்தான்.

"கட்டினவன் யாரு? அவன் கூலில பிடி" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, கயிறு நைஞ்சி போயிருக்கு, வேற தாங்கன்னு அன்னைக்கே சொன்னேன். ஒரு நடை தாங்கும்லேன்னு சொன்னது நீங்கதான்" என்றான் இசக்கி.

சொன்னது உண்மைதான். அது அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனால் கடையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சுமைக்காரன் முதலாளியின் தப்பைச் சொல்லுவதா? "போலே வெளியே" என்று சொல்லிவிட்டார். நாலு தடவை வந்து கேட்டான். நாலு தடவையும் அதே பதில்.

அந்த ஆடியில்தான் வேதக்கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது.

கோயில் சின்னது. மேலகரத்தில் இருந்து குத்துக்கல்வலசை போகிற பாதையில், எண்பது குடும்பம் உள்ள சபை. அக்கம்பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் பொதுவான பாதிரியார், சேகரத்து ஐயர், மாதம் ஒரு தடவை வந்து போவார். மற்ற நாளில் உபதேசியார் ஜெபசிங்தான் எல்லாம். பண்டிகை அன்று சபையார் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், முட்டை, கோழி, ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் பந்தலுக்கு அடியில் அதை எல்லாம் ஏலம் விடுவார்கள். அங்கே பொருளுக்கு விலை கிடையாது. ஏழு ரூபாய் முட்டையை எழுநூறுக்குக் கேட்பார்கள். ஏலம் கேட்கிற தொகைதான் காணிக்கை. ஒருவன் கேட்க, இன்னொருவன் கூட்டிக் கேட்க, சண்டைக் கோழி மாதிரி இரண்டு பேர் ஏறிக்கொண்டே போவார்கள். கோயிலுக்கு வருமானம், கூட்டத்துக்குக் கொண்டாட்டம்.

பதினெட்டு வருஷமாக அந்த ஏலத்தில் பெரிய தொகை அண்ணாச்சியுடையதுதான். கோயிலுக்குத் தரை ஓடு, இன்வெர்ட்டர், ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாம் கொடுத்தவர் அவர்தான். பெட்டியின் இரண்டு பக்கமும் 'அன்பளிப்பு: தேவதிரவியம்' என்று சிவப்புப் பெயிண்ட். கொடுக்கிறவன் என்ற பெயர் அவருக்கு லாரியைவிடப் பெரிது. லாரி யாரும் வாங்கலாம்.

அந்த வருஷம் எதிரே நின்று கேட்டவர் சாலமோன், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புக் கொண்டைச் சேவல் ஒன்று ஐநூறில் ஆரம்பித்தது. ஐந்தாயிரம் வரை மற்றவர்களும் கேட்டார்கள். அதற்கு மேல் இரண்டே பேர்.

"ஏட்டையா, பென்ஷன் பொஸ்தகத்தைப் பாத்துட்டுக் கேளும்!" என்றார் அண்ணாச்சி.

"ஒம்ம எலுமிச்சங்காய்க்குத்தான் வெலை ஏறும் எறங்கும். என் பென்ஷன் ஏறத்தான் செய்யும்வே. இருபத்தஞ்சாயிரம்!"

"முப்பது!"

"முப்பத்தஞ்சு!"

"நாப்பது!"

"நாப்பதாயிரத்து ஐநூறு!"

"நாப்பத்தோராயிரம்!"

சாலமோன் சிரித்துக்கொண்டே கையைக் கீழே போட்டார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். அண்ணாச்சி சேவலின் காலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கைதட்டல் ரோடு வரைக்கும் கேட்டது.

அப்போது பந்தல் ஓரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இசக்கி நின்றான்.

"அண்ணாச்சி."

"இன்னைக்குப் பண்டிகை. சந்தையில வந்து பேசுலே."

"சந்தையில நாலு மட்டம் பேசியாச்சி. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். ஒரு கோழிக்கு நாப்பத்தோராயிரம் குடுக்கிய. எனக்கு நாலாயிரத்து எரநூறு இல்லையா?"

"கோழி இல்லடே, சேவலு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சிரிப்பு இசக்கிக்குத் தைரியம் கொடுத்ததோ, வயிற்றெரிச்சல் கொடுத்ததோ. குரலைத் தூக்கினான். "கூலிய விட்டவன் ஆம்பளை இல்லன்னு நீங்கதான சொல்லுவிய? தராசு கொண்டாரட்டுமா அண்ணாச்சி?"

அவ்வளவுதான். பந்தலே சிரித்தது. பெண்கள் பக்கம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நாற்பத்தோராயிரத்துக்கு வாங்கின கைதட்டலை ஒரு சுமைக்காரன் சல்லிக்காசு செலவில்லாமல் தட்டிக்கொண்டு போனான்.

அண்ணாச்சி சேவலைக் கீழே போட்டார். இசக்கியின் சட்டைக் கழுத்தைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். அறுபத்திரண்டு வயது என்று யாரும் சொல்லமுடியாது. முதல் குத்து மூக்கில், இரண்டாவது வயிற்றில். சேற்றில் விழுந்தவனின் முகத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார். அவன் உருண்டு எழுந்து, பக்கத்தில் நின்ற குட்டியானையின் இரும்புப் பின்பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பலகை பாதி திறந்து தொங்கியது. அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் தூக்கி அறைந்தார். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இசக்கியின் வலது கை இருந்தது.

அந்தச் சத்தத்தை அங்கே நின்ற எவரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த அலறலைக்கூட மறந்திருக்கலாம்.

முதல் தடவை ஆத்திரத்தில் அறைந்தார். கை உள்ளே இருப்பது அப்போது தெரியாது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பலகையைத் திறந்து இரண்டாம் தடவை அறைந்தபோது தெரியும்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது இசக்கி, "வண்டிக் கதவுல மாட்டிக்கிட்டு" என்று சொன்னான். அவன் மனைவி சங்கரேஸ்வரி கட்டிலில் தலையை முட்டிக்கொண்டாள். "ஏன் மறைக்கிய? கேஸ் குடுங்க! அந்தாள உள்ள தூக்கிப் போடட்டும்!"

"கேஸ் குடுத்தா என் கூலி வக்கீலு கையால வரும், இல்ல கோர்ட்டு கையால வரும். எனக்கு அது வேண்டாம். அவரு கையால எண்ணி என் கையில வைக்கணும். வைப்பாரு. நீ பாரு."

ஆஸ்பத்திரியில் கம்பி வைக்கவேண்டும் என்றார்கள். அதற்குப் பணம் இல்லை. எலும்பு கட்டுகிறவர் ஒருவரிடம் போய்க் கட்டிக்கொண்டான். மூன்று மாதம் கழித்துக் கட்டு அவிழ்த்தபோது உள்ளங்கை விரித்தது விரித்தபடி நின்றது. ஐந்து விரலில் ஒன்றும் மடங்கவில்லை. மூட்டைக் கொக்கி பிடிக்க முடியாதவனுக்குச் சந்தையில் வேலை ஏது?

சபையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சியும் அதை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். கிறிஸ்மஸுக்கு விதவைகளுக்கு இருபத்தைந்து சேலை கொடுத்தார். கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். குட்டியானையின் பின்பலகை கொஞ்சம் நெளிந்திருந்தது. அதைத் தட்டி நிமிர்த்துகிறேன் என்று பட்டறைக்காரன் சொன்னபோது மட்டும், "கெடக்கட்டும்" என்றார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஆடி வந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பந்தல் போடுகிறார்களா என்று பார்க்க அண்ணாச்சி கோயிலுக்குப் போனார். பின்பக்கம் பெண்கள் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். நீல டிரம்முக்குப் பக்கத்தில் அவர் மனைவி நவமணி படியால் அரிசி அளந்து ஒரு பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் சங்கரேஸ்வரி.

அந்த டிரம் கைப்பிடி அரிசி டிரம். சபையில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து டிரம்மில் கொட்டுவாள். இல்லாதவர்களுக்குக் கொடுப்பது பெண்கள் சங்கத்தின் வேலை. யாருக்குக் கொடுத்தோம் என்று வெளியே சொல்லுவதில்லை, டிரம்மில் பெயர் எழுதுவதும் இல்லை.

"எத்தனை நாளா நடக்கு இது?" என்றார் அண்ணாச்சி.

நவமணி திரும்பினாள். படியைக் கீழே வைக்கவில்லை. "பதினோரு மாசமா."

"என் வீட்டு அரிசியா?"

"நம்ம வீட்டு அரிசியும் இருக்கு. எண்பது வீட்டு அரிசியும் இருக்கு."

"அப்ப ஊரு பூரா எனக்குப் பின்னால..." வார்த்தை முடியுமுன் கால் வந்தது. டிரம்மை ஒரே உதை உதைத்தார். அது கவிழ்ந்து உருண்டு சுவரில் மோதி உடைந்தது. ஈர மண்ணில் அரிசி வெள்ளையாகப் பரந்தது. கையை ஓங்கிக்கொண்டு நவமணியிடம் போனார். முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கை அவள்மேல் விழாமல் இருந்ததில்லை. எப்போதும் அவள் முகத்தை மூடிக்கொள்வாள். இன்றைக்கு மூடவில்லை.

"அடிங்க. ஒரு கைய முறிச்சாச்சி. இது கன்னந்தான, சீக்கிரம் ஆறிரும்."

அடித்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. சங்கரேஸ்வரி கையிலிருந்த பையைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த அரிசியையும் மண்ணில் கொட்டினாள். "எங்களுக்குத் தந்ததுக்காக அக்கா அடி வாங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சியின் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

நவமணி ரத்தத்தைத் துடைக்காமலே குத்தவைத்து மண்ணில் இருந்து அரிசியைப் பொறுக்கத் தொடங்கினாள். கூட நின்ற சங்கத்துப் பெண்கள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் அங்கே நிற்பதாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஏலத்துக்கு அண்ணாச்சி சட்டைப் பையில் ஐம்பத்தோராயிரம் வைத்துக்கொண்டு போனார். நூற்றிரண்டு ஐநூறு ரூபாய் நோட்டு. போன வருஷத்தைவிடப் பத்தாயிரம் கூட. நேற்று நடந்ததை எல்லாம் இந்தப் பத்தாயிரம் அமுக்கிவிடும் என்று அவருக்குக் கணக்கு. கொடுத்தால் ஊர் வாய் மூடும். அவர் கண்ட அனுபவம் அது.

முதலில் பூசணிக்காய். "ஐநூறு!" என்றார் அண்ணாச்சி.

யாரும் கேட்கவில்லை.

"ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்." உபதேசியார் ஜெபசிங் பூசணிக்காயை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

வாழைத்தாரை மற்றவர்கள் கேட்டார்கள். இருநூறு, முந்நூறு, நானூறு என்று சிரித்துக்கொண்டு ஏற்றினார்கள். அண்ணாச்சி "ஐநூறு" என்றார். சிரிப்பு நின்றது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வாழைத்தாரும் அவர் முன்னால் வந்தது. தேங்காயும் அதே ஐநூறுக்கு வந்தது.

அப்புறம் சேவல். போன வருஷத்தைப் போலவே சிவப்புக் கொண்டை.

"ஐநூறு!" என்றார் அண்ணாச்சி. சாலமோன் பக்கம் திரும்பினார். சாலமோன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரம்!" என்று தன் தொகைமேல் தானே ஏற்றினார். "அஞ்சாயிரம்! பத்தாயிரம்! ஏ, கேளுங்கலே!" பந்தலில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அம்பதாயிரம்! அம்பத்தோராயிரம்!"

"அண்ணாச்சி" என்றார் உபதேசியார் மெதுவாக. "எதிர்க்கேள்வி இல்லாம ஏத்த முடியாது. மொதக் கேள்விதான் நிக்கும். ஐநூறு."

அண்ணாச்சி சாலமோனிடம் போனார். "கேளும்வே!"

"கேக்க மாட்டேன்."

"காசு இல்லையா?"

"போன வருஷமும் எங்கிட்ட இல்லை. பையில எட்டாயிரந்தான் வச்சிருந்தேன். நீரு விடமாட்டீர்னு தெரிஞ்சிதான் நாப்பது வரைக்கும் ஏத்திவிட்டேன். கோயிலுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன்." சாலமோன் தலையைத் தூக்கினார். "ஒம்ம தலையில அம்புட்டுப் பெருமைய ஏத்தினது நாந்தான். அது எறங்கினது அந்தப் பய கையில. அந்தக் கையில எனக்கும் பங்கு இருக்குவே. இனிமே ஒம்ம கூட ஏலம் கேக்க மாட்டேன். இங்கன யாரும் கேக்க மாட்டாவ."

அண்ணாச்சியின் நெற்றி ஏட்டின் மூக்கில் மோதியது. எலும்பு நொறுங்கியது. ஏட்டும் முப்பது வருஷம் லத்தி பிடித்த ஆள். ரத்தத்தோடு எழுந்து ஒரு இரும்பு நாற்காலியை வீசினார். அது அண்ணாச்சியின் வாயில் பட்டது. இரண்டு பேரும் மேசைமேல் விழுந்து, மேசை உடைந்து, முட்டைக்கூடை கவிழ்ந்து, மஞ்சளும் ரத்தமும் சேறுமாக உருண்டார்கள். பிள்ளைகள் அலறின. ஆறு பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். அண்ணாச்சி மண்ணில் கிடந்தபடி வாய்க்குள் விரல் விட்டு ஒரு பல்லை எடுத்தார்.

யாராவது மிதிப்பார்கள் என்று காத்துக்கிடந்தார். சந்தை அப்படித்தான், விழுந்தவனை மிதிக்கும். இங்கே யாரும் கிட்ட வரவில்லை.

எழுந்து, பையில் இருந்த நோட்டுக்கட்டை அப்படியே எடுத்து உபதேசியாரிடம் நீட்டினார். உபதேசியார் அதில் நாலு தாளை மட்டும் உருவினார். பூசணி, வாழைத்தார், தேங்காய், சேவல். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் வச்சுக்கிடும்யா" என்றார் அண்ணாச்சி. முதல்முறையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

"இதுக்கு ரசீது போட எனக்கு வழி இல்ல அண்ணாச்சி" என்றார் உபதேசியார். சேவலின் காலைக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

அண்ணாச்சி குட்டியானையில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் சேவல். பையில் நாற்பத்தொன்பதாயிரம். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கொடுக்கப் போன பணம் செல்லாமல் அவர் பையிலேயே இருந்தது. இந்த ஊரில் இனி இவர் கைப்பணத்தை வாங்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தார். ஒருவன்தான். இவர் கையால்தான் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, அது சந்தை வரைக்கும் பரவ, ஒரு வருஷமாகக் காத்திருக்கிறவன்.

வண்டியைக் குத்துக்கல்வலசைக்கு விட்டார்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டுக்கு முன்னால் இசக்கி இடது கையால் அரிவாளைப் பிடித்துத் தென்னமட்டை வெட்டிக்கொண்டிருந்தான். மட்டை நகராமல் இருக்க அந்த வலது கையை அதன்மேல் பலகை மாதிரி வைத்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்டுத் தலை தூக்கினான். சட்டையெல்லாம் ரத்தமும் முட்டையுமாக அண்ணாச்சி இறங்கி வந்தார்.

"அங்கனயே நில்லுங்க" என்றான்.

அண்ணாச்சி நிற்கவில்லை. இசக்கி எழுந்தான். அரிவாளைத் திருப்பி அதன் முதுகால் ஒரு அடி அடித்தான். இடது தோள்பட்டையில் விழுந்தது. மூட்டை தூக்கி மரத்துப்போன தோள்தான். ஆனாலும் அண்ணாச்சி முழங்கால் மடிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இசக்கி அரிவாளை மறுபடி ஓங்கினான். இப்போது கூர்ப்பக்கம் கீழே இருந்தது. வாசலில் சங்கரேஸ்வரி, "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினாள். அண்ணாச்சியின் வலது கை சும்மாதான் இருந்தது. சந்தையில் யாரும் அவர்மேல் ஓங்கின கையைக் கீழே இறக்கினதில்லை, அதற்குள் அவர் முறித்துவிடுவார். இன்றைக்கு அந்தக் கை எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சாரல் பிடரியில் விழுந்தது.

இசக்கி அந்தக் குனிந்த பிடரியைப் பார்த்தான். அப்புறம் அரிவாளைத் தூரத்தில் வீசினான்.

"எதுக்கு வந்திய?"

அண்ணாச்சி நோட்டுக்கட்டை எடுத்து நீட்டினார். "நாப்பத்தொம்பதாயிரம் இருக்கு. எல்லாம் ஒனக்குத்தான். வச்சுக்க."

"இங்க என்ன சேவலு ஏலமா விடுதோம்?" என்றான் இசக்கி. "எனக்கு வரவேண்டியது நாலாயிரத்து எரநூறு."

"கைக்கு..."

"கையப் பத்திப் பேசாதிய. கைக்கு என்ன வெலைன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அதை நீங்க குடுக்கவும் முடியாது. அது எனக்கும் ஒங்களுக்கும் சாகுற வரைக்கும் கெடக்கும். இது கூலி. ஆறு நாளு. எண்ணுங்க."

வலது கையை நீட்டினான்.

அண்ணாச்சி எழுந்து நின்று எண்ணினார். ஐநூறு, ஆயிரம், ஆயிரத்து ஐநூறு. மூன்றாவது தாளை வைக்கும்போதே காற்று மேல் தாளைத் தூக்கியது. அந்த விரல்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. தாள் சேற்றில் விழுந்தது. அண்ணாச்சி குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி வைத்தார். மறுபடி பறந்தது.

வேறு வழியில்லாமல் தன் இடது கையை இசக்கியின் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கி, கட்டைவிரலால் தாள்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அடிபட்ட தோள் வலித்தது. அந்தக் கையின் எலும்புகள் கோணல்மாணலாக அவர் உள்ளங்கையில் உறுத்தின. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அதைத் தொட்டார்.

"நாலாயிரம்" என்றார். எட்டுத் தாள் ஆயிற்று. "மிச்சத்துக்குச் சில்லறை இல்ல. இன்னொரு தாள் வச்சிரட்டுமா? முந்நூறு கூடத்தான..."

"கூட வேண்டாம். எரநூறு."

அண்ணாச்சி வண்டிக்குப் போனார். டீக்குடிக்கப் போட்டுவைத்திருந்த பத்து ரூபாய் நோட்டுகளை டேஷ்போர்டில் இருந்து அள்ளிக்கொண்டு வந்தார். சேவல் சீட்டில் கிடந்து கூவியது. மறுபடி இடது கையை அடியில் கொடுத்தார்.

"பத்து" என்றார். "இருபது. முப்பது." இசக்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடும் கூடவே எண்ணியது. "நூத்தி எழுபது. நூத்தி எண்பது. நூத்தித் தொண்ணூறு."

கடைசித் தாள் நனைந்து இவர் விரலோடு ஒட்டிக்கொண்டது. உதறாமல், மெதுவாக உரித்து எடுத்து, விரிந்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"எரநூறு."